கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

ஏழுமலை,

கல்யாணப் பத்திரிகையில் என்னென்ன போட வேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய தாள் போன வியாழக்கிழமை தபாலில் வந்தது. உன் கையெழுத்து முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதி எழுதி ஒழுங்குக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அச்சாபீஸ்காரன் மகன் கல்யாணப் பத்திரிகை எப்படி இருக்கப் போகிறது என்று செஞ்சிக் கடைவீதியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊரிலுள்ள லெட்டர் தாள்களில் எல்லாம் மதராஸை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு என்று ஈய எழுத்தை மாற்றிக் கோர்க்கிற வேலை இன்னும் குவிந்து கிடக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, புது எழுத்து எடுத்து, மஞ்சள் அட்டை எடுத்து, உன்னுடையதை நானே கோர்க்க வேண்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. ‘தலைமை தாங்கி, மாலையும் தாலியும் எடுத்துக் கொடுத்து மணவிழாவை நடத்தி வைப்பவர்’ என்று எழுதி, அதற்குக் கீழே உன் பழைய வாத்தியார் பெயரைப் புலவர் பட்டத்தோடு எழுதி, பக்கத்தில் ‘என் ஆசான்’ என்றும் சேர்த்திருந்தாய். ஐயர் இல்லாத கல்யாணமும் செல்லும் என்று சட்டம் வந்துவிட்டது, நீ அப்படிச் செய்துகொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாலி எடுத்துக் கொடுக்க உனக்கு உலகத்தில் வேறு கையே கிடைக்கவில்லையா என்பதுதான் என் கேள்வி.

தாளை முழுக்கப் படித்தேன். பெரியப்பா பெயர் இருந்தது, மாமன் பெயர் இருந்தது, நாம் பார்த்தே பத்து வருஷமான உன் சித்தப்பா பிள்ளைகள் பெயர்கூட வரிசையாக இருந்தது. உன்கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் இல்லை. பின்பக்கம் திருப்பினால் பென்சிலில் எனக்கு ஒரு குறிப்பு. ‘நைனா, பெண் வீட்டில் அஞ்சலை விஷயம் இன்னும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்ததும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் அவளை வல்லத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தால் நல்லது.’ நான் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அஞ்சலை என் எதிரில் எழுத்துப் பெட்டியருகே நின்றிருந்தாள். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு வந்து தாளை வாங்கிக்கொண்டாள். முழு வாக்கியம் அவளுக்குப் பிடிபடாது. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் இருப்பதெல்லாம் அவைதானே. அந்த வாத்தியார் இருக்கிறானே, அவன் பெயரின் மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை வரிவரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போய்த் தன் பெயரைத் தேடினாள். கடைசி வரி வரைக்கும் தேடினாள். திருப்பிப் பார்த்தாள். பென்சில் எழுத்தில் தன் பெயரும் வல்லமும் பெரியம்மாவும் இருந்ததைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. தாளை என் மடியில் வைத்துவிட்டுப் போய் எழுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

உன் அம்மா, “நல்ல காரியம் நடக்கிற நேரத்துல பழச இன்னாத்துக்குக் கெளறிக்கினு? புள்ள ஆசப்பட்டு எழுதிருக்குது, போட்டுக் குடுத்துடுங்க” என்றாள். ஒன்பது வருஷமாக நான் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் முடியாது. அவனை ‘அவன்’ என்று எழுதுகிறேனே என்று உனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். அவன் பெயரைக் கோர்த்துக் கோர்த்து என் விரல் மரத்துப்போய்விட்டது, இந்தக் கடிதத்தில் ஒரு தரம்கூட எழுத மாட்டேன். உனக்கு அவன் இலக்கணம் சொல்லிக் கொடுத்தான், கட்டுரைப் போட்டிக்கு அழைத்துப் போனான், தன் மேல்துண்டால் உன் முகத்து வேர்வையைத் துடைத்தான். எல்லாம் எனக்குத் தெரியும். அதே ஆள் அதே பள்ளிக்கூடத்தில் உன் தங்கைக்குச் செய்ததும் தெரியும். உனக்கும் தெரியும். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலைக்கு இரண்டரை வயதில் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கப்புறம் ஒரு நாள் அவளுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளம் விழுந்து உருண்டது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், அவள் திரும்பவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காட்டினோம், இரண்டு காதும் போய்விட்டது என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் உன் அம்மாவிடம், “ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்காத, நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போவ வேண்டிய பொண்ணு” என்று சொன்னேன். இப்போது நீ பென்சிலில் எழுதிய குறிப்பு இருக்கிறதே, அது நான் அந்த பஸ்ஸில் தொடங்கியதுதான். ஆகவே உன்னைத் திட்டும்போது பாதித் திட்டு என்னையே வந்து சேர்கிறது, அதையும் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எட்டு வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். நீ அப்போது எட்டாவது. நீ கூட இருப்பாய், உன் வகுப்பிலேயே சும்மா உட்கார்ந்து நாலு எழுத்து பார்க்கட்டும், பார்த்தாவது கற்றுக்கொள்வாள் என்று ஆசை. காது கேட்காது என்று சொல்லியிருக்க வேண்டும். “கொஞ்சம் புடிவாதம் புடிச்ச பொண்ணுங்க, கூப்ட்டாத் திரும்பாது” என்று சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? எல்லா அப்பன்களும் பிள்ளையை வாத்தியார் கையில் ஒப்படைக்கும்போது சொல்கிற அந்தப் பாழாய்ப் போன வார்த்தையை நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். “கண்ண மட்டும் உட்டுடுங்க ஐயா, மத்ததெல்லாம் உங்க பாடு.” என் அப்பா என்னைச் சேர்க்கும்போது சொன்னார், உன்னைச் சேர்க்கும்போது நான் சொன்னேன். சொல்லாவிட்டால் வாத்தியாருக்கு மரியாதை கொடுக்கவில்லை என்று அர்த்தம். அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “புடிவாதம்லாம் நம்மகிட்ட வேலைக்காவாது, உட்டுட்டுப் போங்க” என்றான். அஞ்சலை என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் விரலைப் பிரித்து எடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

பத்து நாளில் நீதான் அவனிடம் உண்மையைச் சொன்னாய். “சார், அவளுக்குக் காது கேக்காது சார், அடிக்காதீங்க சார்” என்று எழுந்து நின்று சொன்னாயாம். அன்றைக்குச் சாயங்காலம் இந்தச் செய்தி என் காதுக்கு வந்தது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்கிற ஆத்திரத்தில் உன்னைக் கடைக்குள் இழுத்துப் போட்டு வாரால் விளாசினேன். நினைவிருக்கிறதா? உண்மை சொன்னதற்கு வாங்கிய அடி. அன்றைக்கு உன் முதுகில் நான் என்ன எழுதினேன் என்பது இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையும் நீ வீட்டில் வந்து சொன்னதில்லை.

தெரிந்த பிறகு அடி நின்றதா? அதுதான் இல்லை. தெரியாமல் அடித்தான் என்றால் நானே மன்னித்திருப்பேன், தப்பு என் பேரில்தான் என்று தலையில் போட்டுக்கொண்டிருப்பேன். தெரிந்த பிறகுதான் அவனுக்கு ருசி கண்டுவிட்டது. உன் வகுப்புப் பிள்ளைகள் பின்னால் வந்து சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். வகுப்பைப் பார்த்தபடி அவளை நிற்க வைப்பான். பின்னால் வந்து காதோரம் பள்ளிக்கூட மணியை அடிப்பான். “பாத்தீங்களாடா, கோயில் யான கூடத் திரும்பும், இது திரும்பல” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் மணியை வைத்துவிட்டுப் பிரம்பை எடுப்பான். அவள் கெட்டிக்காரி, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே பிரம்பு எப்போது வருகிறது என்று கண்டுபிடித்து முன்கூட்டியே குனிந்துகொள்ள ஆரம்பித்தாள். அதைப் புரிந்துகொண்டு அவன் வகுப்புக்கு ஓர் உத்தரவு போட்டான். “எவனாச்சும் மூஞ்சியில காட்டுனா அந்த அடி அவனுக்கு.” நாற்பது பிள்ளைகள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேடிக்கொண்டே நிற்பாள், அடி பின்னாலிருந்து விழும். இன்றைக்கும் அவள் பின்னால் யாரையும் நிற்க விட மாட்டாள். அச்சாபீஸில் அவள் எழுத்துப் பெட்டியைச் சுவரோரமாகத் திருப்பி, சுவரில் முதுகு படும்படி போட்டுக் கொடுத்தேனே, எதற்கு என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா?

வாயால் சொல்ல முடியாததை அவள் ஸ்லேட்டில் போட்டாள். தோளில் துண்டு, கையில் பிரம்பு, முன்னால் ஒரு சின்னப் பெண். நன்றாகவே வரைந்திருந்தாளாம், பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சிரித்துவிட்டது, அவன் வந்து ஸ்லேட்டை எடுத்துப் பார்த்தான். அன்றைக்கு மத்தியானம் நீ அவளை வீட்டுக்கு அழைத்து வந்தாய். அவள் வலது கையைப் பழந்துணியில் சுற்றியிருந்தாய். “கிணத்தடிப் படியில வழுக்கி விழுந்துட்டா நைனா” என்றாய். கட்டுப் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, விழுந்த அடி இப்படி இருக்காது, ரூல்தடி மாதிரி எதையோ வைத்து இறக்கியிருக்கிறார்கள் என்றார். மோதிர விரலும் சுண்டு விரலும் நொறுங்கியிருந்தன. நாற்பது நாள் கட்டு. பிரித்த பிறகும் அந்த இரண்டு விரலும் நிமிரவில்லை.

அவளுக்கென்று ஒரு பேச்சு உண்டு அல்லவா? அம்மா என்றால் மூக்குத்தி இடத்தைத் தொடுவாள். நான் என்றால் விரலில் மை தேய்ப்பாள். நீ என்றால், உன் புருவத்தில் இருக்கிற தழும்பு. கட்டுப் போட்ட அன்றைக்கே அவள் எனக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டாள். தோளில் துண்டை இழுத்து விட்டாள், அது அவன். எந்தக் கை வரைந்தது என்று கேட்பதுபோலக் கையை ஆட்டினாள். பிறகு புருவத்தைத் தொட்டாள். பிறகு தன் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து மேசைமேல் வைத்து அழுத்தினாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் செய்தாள். புருவம், மணிக்கட்டு, மேசை. நான் போதும் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “புட்றா உன் தங்கச்சி கைய” என்று அவன் சொன்னான், நீ பிடித்தாய். இது எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும், ஏழுமலை. உன் அம்மாவுக்குத் தெரியாது. பதின்மூன்று வயதுப் பையன், எதிரே பிரம்பு, உண்மை சொன்னதற்கு வீட்டில் வாங்கிய அடி முதுகில் இன்னும் ஆறவில்லை, வேறென்ன செய்திருப்பாய் என்று உனக்காக நானே எனக்குள் வாதாடிக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு உனக்குப் பதின்மூன்று வயது இல்லை. யாரும் பிரம்போடு நிற்கவும் இல்லை. நீயே தேடிப் போய் அவனை மேடைக்கு அழைக்கிறாய், அவளை வல்லத்துக்கு அனுப்பச் சொல்கிறாய். இது இரண்டாம் தரம் அவள் மணிக்கட்டைப் பிடிப்பது. முதல் தரத்தைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க மாட்டேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். சும்மா போகவில்லை, கொன்றுவிடுகிற ஆத்திரத்தோடு போனேன். அவன் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். “பொண்ணு வெரல ஒடச்சிட்டியே, நீ மனுசனா?” என்று கேட்டேன். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. “நீங்கதான சொன்னீங்க, கண்ண மட்டும் உடச் சொல்லி? கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்குது, நீங்களே பாருங்க” என்றான். பக்கத்தில் இருந்த இரண்டு வாத்தியார்கள் சிரித்தார்கள். சொன்னது நான்தானே? நாலு பேர் நடுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே. கடைவீதியில் வந்து சொன்னால், “வாத்தியார்னா அடிக்கத்தான் செய்வாரு, காது கேக்காத பொண்ணுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். உன்னை நிறுத்தவில்லை. நீ நன்றாகப் படிக்கிற பிள்ளை, வருஷக் கடைசி, அவன் கையில் உன் பரீட்சை. அந்தக் கணக்குப் போட்டவனும் நான்தான்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் வாழ்த்துப்பா எழுதுகிறவன் அவன். அதை அச்சடிக்கிறவன் நான். சனிக்கிழமைதோறும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கடைக்குள் வருவான், நான் நாற்காலி போடுவேன். “வாங்க ஐயா” என்பேன். ‘பிஞ்சு நெஞ்சங்களைப் பேணிக் காத்த பெருந்தகை’ என்று அவன் ஓய்வு பெற்றபோது ஒரு மலர் போட்டார்களே, அந்த வரியை இந்தக் கையால்தான் கோர்த்தேன். முதல் வருஷம் அவன் தலை தெரிந்தால் அஞ்சலை காகிதக் கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் ஒளிவதை விட்டுவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு அவன் போகிறவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். அச்சடித்து முடித்த எழுத்துகளைப் பிரித்து அததன் அறையில் போடுவது அவள் வேலை. மற்ற எழுத்துகளை அரிசி பொறுக்கி வைப்பதுபோல வைப்பாள். அவன் பெயரின் எழுத்துகளை மட்டும் வீசுவாள். ஈயம் கட்டையில் மோதும் சத்தம் அவளுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். வாரா வாரம் கேட்டுக்கொண்டே அடுத்த வாரத்துக்கும் அவன் பெயரைக் கோர்த்தேன்.

அவனை ஒன்றும் செய்யத் தோன்றவில்லையா என்று கேட்பாய். ஒரு வருஷம் பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள், நீ அப்போது திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் புளிச்சோற்று அண்டாவோடு கூடப் போனேன். ராஜகிரி உச்சிக்குப் போகிற வழியில் இரண்டு பாறைக்கு நடுவே பாலம் இருக்கிறதே, அதன்மேல் அவன் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்றேன். அவன் முதுகுக்கும் என் கைக்கும் ஒரு சாண். பிள்ளைகள் எல்லாம் முன்னால் போய்விட்டன. காற்றில் அவனுக்கு என் காலடி கேட்கவில்லை. தள்ளவில்லை. புண்ணியம் பாவம் பார்த்தெல்லாம் இல்லை, என்னை நல்லவனாக நினைத்துவிடாதே. பின்னாலிருந்து செய்வது அவன் வேலை. எனக்கு அவன் முகம் வேண்டும். யார் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வரும் என்று கையை இழுத்துக்கொண்டேன். நீ அனுப்பிய தாளைப் படித்தபோது அந்த நாள் தபாலில் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையை அழைத்துக்கொண்டு திண்டிவனம் வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, உன் பெண் வீட்டுக்குப் போனேன். ஆமாம், கேட்காமல்தான் போனேன். “இது என் பொண்ணு, மாப்ளயோட தங்கச்சி, காது கேக்காது, பேச்சு வராது, கையில ரெண்டு வெரல் நிமிராது, என் பையன் உங்ககிட்ட மறச்சிட்டான்” என்று வாசலில் நின்றே சொன்னேன். உன் மாமனார், “இத மறைக்கிறதுக்கு இன்னா இருக்குதுங்க, மறச்சதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது” என்றார். உள்ளிருந்து நீ கட்டப்போகிற பெண் வந்து அஞ்சலையை உட்கார வைத்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்தவுடன் அஞ்சலை வெடுக்கென்று திரும்பியதைப் பார்த்துவிட்டு, தானே எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. உன்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது, நீயே போய்த் தீர்த்துக்கொள். உன் பொய்யை உடைத்ததற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

திங்கட்கிழமை கோர்த்தோம். நானும் அவளும். நீ எழுதியதில் இரண்டு இடம்தான் மாற்றினேன். தலைமை என்று இருந்ததற்குக் கீழே ‘செல்வி அஞ்சலை, மணமகனின் தங்கை’ என்று போட்டேன். அவன் பெயரை எங்கேயும் போடவில்லை. தன் பெயரைத் தானே கோர்க்கிறேன் என்று சைகை காட்டினாள், விட்டுவிட்டேன். அந்த மடங்கிய விரல்களுக்கு நடுவே எழுத்தை நிறுத்திப் பிடிக்க அவளுக்கு ஒரு வழி உண்டு. வேறு யாருக்கும் வராது.

செவ்வாய்க்கிழமை காலையில் மை காய்ந்தவுடன் முதல் பத்திரிகையை மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்து, அவளையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நீ முன்னமே சொல்லி வைத்திருக்கிறாய் போலும், “வாங்க, வாங்க, நம்ம புள்ள கல்யாணம்” என்று சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தான். மேலே பார்த்தான். கீழே பார்த்தான். திருப்பிப் பார்த்தான். உன் தங்கை அந்தத் தாளில் தேடினாளே, அதே மாதிரி விரலை வைத்துத் தேடினான். “என் பேரு எங்க? தலைமைல வேற பேரு கீதே” என்றான். நான் ஒன்பது வருஷமாக வாயில் வைத்திருந்ததை எடுத்தேன். “கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்குதுங்க ஐயா. நீங்களே பாருங்க.”

அவனுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. இவ்வளவுதான் நான் போட்ட திட்டம். மற்றதை அஞ்சலை செய்தாள். அவன் முன்னால் நின்று வலது கையை நீட்டி அந்த இரண்டு விரலையும் காட்டினாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். அவள் மெல்ல நடந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். ஒன்றுமே செய்யவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை, சும்மா நின்றாள். அவன் இந்தப் பக்கம் திரும்பினான், தெரியவில்லை. அந்தப் பக்கம் திரும்பினான். கழுத்தில் வேர்வை இறங்கியது. என் முகத்தைப் பார்த்தான், அவள் என்ன செய்கிறாள் என்று என் முகத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தான். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். “அந்தப் பொண்ண முன்னால வரச் சொல்லுங்க” என்றான். “அவளுக்குக் காது கேக்காதுங்களே ஐயா” என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளுக்குப் போதும் என்று தோன்றியபோது வந்து என் கையைப் பிடித்தாள், கிளம்பினோம். கடைவீதியில் நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். இதில் எனக்கு வெட்கமே இல்லை.

ஐந்நூறு பத்திரிகையும் கட்டாகக் கட்டி நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதம் அதற்கு மேலே இருக்கும். வேறு மாதிரி அடித்துக் கொடு என்று எழுதாதே. எழுத்தெல்லாம் பிரித்துப் போட்டாயிற்று, அவளே பிரித்தாள். உனக்குச் சம்மதமில்லை என்றால் கட்டைப் பிரிக்காமல் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடு. நானும் உன் அம்மாவும் அவளும் அன்றைக்கு எப்போதும்போலக் கடையைத் திறப்போம். சம்மதம் என்றால், கல்யாணத்தன்று மேடையில் அவள் நாற்காலியைச் சுவரோரமாகப் போடச் சொல். தாலியை அவள் அந்தக் கையால் எடுத்து உன்னிடம் கொடுப்பாள். நீ கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பயப்படாதே, உன் மணிக்கட்டை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் நைனா